வெள்ளிமலையைச் சிதைக்காத குறியாக்க மாற்றம்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி, தமிழ்நாட்டின் இளைய மாவட்டங்களுள் ஒன்று. அதன் ஊர்களையும் மக்களையும் பற்றிய கணினிக் கோப்புகளோ மாவட்டத்தைவிட வயதில் மூத்தவை. தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமான 1993-க்கும், யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தமிழக அரசு தன் பயன்பாட்டுக்கான தரமாக அறிவித்த 2010-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் தட்டச்சுப் பொறி இருந்த மேசைகளில் கணினி பரவலாக ஏறியது. அந்த ஆண்டுகளில் தமிழில் தட்டப்பட்ட கடிதமும் பட்டியலும் மனுவும் பெரும்பாலும் ஏதோ ஓர் எழுத்துருவின் துணை இருந்தால் மட்டுமே படிக்கத்தக்கவையாக இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறப்பவருக்குத் தொடர்பற்ற ஆங்கில எழுத்துகளும், ஐரோப்பிய மொழிகளின் மேற்குறியிட்ட எழுத்துகளும், அரைப்புள்ளிகளுமே கண்ணில் படும். அத்தகைய கோப்பை இன்றைய கணினிகள் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலைக்குக் குறியாக்க மாற்றம் என்று பெயர்.

பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று ஓர் அட்டவணை போட்டுவிட்டால் இந்த வேலை முடிந்துவிடும் என்பது நிரல் எழுதுவோரிடையேகூடப் பரவலாக இருக்கும் எண்ணம். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு அது பெரும்பாலும் உண்மை, தமிழுக்கு உண்மையில்லை. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலையின் பெயரை மட்டும் ஒரு சாதாரண மாற்றியில் செலுத்திப் பார்த்தாலே அட்டவணையின் எல்லை தெரிந்துவிடும். ஒரு நிரல்மொழியில் குறியாக்க மாற்ற வசதியை வடிவமைப்பவர் எவற்றுக்கெல்லாம் இடம் விட வேண்டும் என்பதை அந்த மலையூர்ப் பெயரே கற்றுக்கொடுக்கிறது.

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களையே சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்துவைக்கும் உடன்பாடே குறியாக்கம். 1963-இல் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி என்ற குறியாக்கம் 128 இடங்களைக் கொண்டது. ஆங்கிலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும் என்பதால் எஞ்சிய 128 இடங்களைப் பிற மொழிகள் தத்தமக்கு எடுத்துக்கொண்டன. தமிழ் நெடுங்கணக்கோ 247 எழுத்துகளை உடையது, கிரந்த எழுத்துகள் அதற்கு மேல். 128 இடங்களில் அவை அடங்கா. ஆகவே உயிர்மெய்களை உடைத்து, கொம்பு, கால், புள்ளி, கொக்கி என்ற துண்டுகளாக்கி, துண்டுகளுக்கு எண் கொடுத்துத் திரையில் ஒட்டவைக்கும் வழியை 1990-களின் எழுத்துரு வடிவமைப்பாளர்கள் கைக்கொண்டனர். எத்தனை பேர் எழுத்துரு செய்தார்களோ ஏறக்குறைய அத்தனை குறியாக்கங்கள் பிறந்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் அச்சகங்களிலும் பாமினி வேரூன்றியது. தமிழக அரசு அலுவலகங்களில் வானவில் புழங்கியது. இணையத்தில் கூடிப் பேசிய தமிழ் ஆர்வலர்கள் திஸ்கி என்ற பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினர். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த டேப், தமிழ் மட்டுமே கொண்ட டேம் என்ற இரண்டை அரசு ஏற்றது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில் வெளியான அரசாணை, ஒருங்குறியையும், அதற்கு இயலாத இடங்களில் பயன்படுத்த ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் தரமாக்கியது. பதினோரே ஆண்டுகளில் அரசே இருமுறை தரத்தை மாற்றியிருக்கிறது என்பதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. உலகமே அப்போது ஒருங்குறிக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. ஆனால் மாற்றங்களுக்கு முன் தட்டப்பட்ட கோப்புகள் தாமாக இடம்பெயர்வதில்லை.

ஒருங்குறி உலக எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் ஏற்பாடு. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே சட்டகத்தைப் பயன்படுத்திய இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் அமைப்பை அப்படியே பின்பற்றியதால், அத்தொகுதியில் தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளின் இடங்கள் வெற்றிடமாகக் கிடக்கின்றன. ஒருங்குறி எண்ணைப் பைட்டுகளாக எழுதும் முறைகளுள் இன்று இணையத்தை ஆள்வது யூடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த இம்முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும்.

கள்ளக்குறிச்சி என்ற சொல்லில் தமிழ் இலக்கணப்படி எழுத்துகள் எட்டு: க, ள், ள, க், கு, றி, ச், சி. ஒருங்குறியில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு உயிர்க்குறியும் தனிக்குறி என்பதால் அதே சொல் 14 குறிகளாகிறது. யூடிஎஃப்-8 முறையில் 42 பைட், தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் தரும் யூடிஎஃப்-16 முறையில் 28 பைட். ‘இந்தச் சொல்லின் நீளம் என்ன’ என்று ஒரு நிரல்மொழியைக் கேட்டால் அது எட்டு என்று சொல்ல வேண்டுமா, 14 என்றா, 42 என்றா? பெரும்பாலான மொழிகள் 14 என்கின்றன, சில 42 என்கின்றன, எட்டு என்று சொல்வது அரிது. ஊர்ப் பெயருக்கு 40 பைட் போதும் என்று தரவுத்தளத்தில் யாரேனும் இடம் ஒதுக்கியிருந்தால், கடைசி இகரக் குறியின் மூன்று பைட்டுகளில் ஒன்று உள்ளேயும் இரண்டு வெளியேயும் நிற்க, ஊர் ‘கள்ளக்குறிச்ச’ என்று முடிந்து, அதன் பின்னால் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த 42 பைட்டுகளைச் சற்று நெருங்கிப் பார்ப்பதும் பயனுள்ளது. ககரத்தின் பைட்டுகள் 224, 174, 149. தமிழ்த் தொகுதியின் எல்லாக் குறிகளும் 224 என்றே தொடங்கும். இரண்டாவது பைட் 174 அல்லது 175 ஆக மட்டுமே இருக்கும். இப்படிப்பட்ட கோப்பை விண்டோஸின் மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று தவறாகக் கருதி ஒரு நிரல் திறந்தால், 224 மேற்குறியிட்ட சிறிய ஆங்கில ‘ஏ’ ஆகவும், 174 வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற பதிவுபெற்ற வணிகக் குறியாகவும் தெரியும். மின்னஞ்சலிலோ எக்செல் கோப்பிலோ அந்த வணிகக் குறி வரிசை வரிசையாக வந்து நிற்பதைக் காணாத தமிழர் குறைவு. அங்கே தமிழ் அழியவில்லை; சரியான பைட்டுகள் தவறான அட்டவணையைக் கொண்டு படிக்கப்பட்டிருக்கின்றன. சரியான அட்டவணையோடு மறுபடி திறந்தால் எழுத்து முழுமையாக மீளும். அப்படிப் பார்த்ததையே மீண்டும் சேமித்துவிட்டால்தான் கதை வேறு.

இனி வெள்ளிமலைக்கு வரலாம். ஒருங்குறி ஒலியின் வரிசையைப் பின்பற்றுகிறது: ‘வெ’ என்பது முதலில் வகரம், பிறகு எகரக் கொம்பு. பாமினியும் திஸ்கியும் கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பின்பற்றுகின்றன: முதலில் கொம்பு, பிறகு வகரம். தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் தட்டிப் பழகிய கைகளுக்கு அது இயல்பாகவே இருந்தது. பாமினியில் தட்டிய வெள்ளிமலை, எழுத்துருவைக் கழற்றிவிட்டால், என், டி, எஸ், அரைப்புள்ளி, எஸ், பி, கே, ஐ, ஒய் என்ற ஒன்பது சாதாரண விசைகளின் வரிசைதான். என் என்பது ஒற்றைக் கொம்பு, டி வகரம், எஸ் ளகரம், அரைப்புள்ளி மெய்ப்புள்ளி, பி இகரக் குறி, கே மகரம், ஐ இரட்டைச் சுழி, ஒய் லகரம். இரட்டைச் சுழியும் லகரத்துக்கு முன்னாலேயே நிற்கிறது. ஆகவே ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணை மட்டும் மாற்றினால் கொம்பும் சுழியும் தவறான மெய்யோடு ஒட்டிக்கொள்ளும். மாற்றி அவற்றைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த மெய் வந்ததும் அதன் பின்னால் போட வேண்டும்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றின் பெயரில் இன்னொரு படி கூடுகிறது. பழைய முறையில் ‘கோ’ என்பது இரட்டைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகள். ஒருங்குறியில் ககரமும் ஓகாரக் குறியும் என்று இரண்டு. ஆனால் ஒருங்குறி, ககரம், ஏகாரக் குறி, கால் என்று மூன்றாக எழுதுவதையும் அனுமதிக்கிறது, இரண்டும் ஒன்றே என்று விதியும் செய்திருக்கிறது. திரையில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கோ இவை இரண்டு வேறு சொற்கள். ஒரு மாற்றி மூன்று துண்டு வடிவத்தை வெளியிட, தேடுபவர் விசைப்பலகையில் இரண்டு குறி வடிவத்தைத் தட்ட, கோப்பில் கண்ணெதிரே இருக்கும் கோமுகி ‘காணப்படவில்லை’ என்று பதில் வரும். மாற்றி தன் வெளியீட்டை ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கித் தர வேண்டும் என்பது இதனால்தான்.

உண்மையான சிக்கல் ளகரத்தில் இருக்கிறது. ஔகார உயிர்மெய்யின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் வடிவில் ஒன்றுபோலவே இருப்பதால், பாமினி உள்ளிட்ட பல எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டன. இடம் மிச்சம், அச்சில் வேறுபாடு தெரியாது. ஆகவே கொம்பு, வகரம், ளகரம் என்ற மூன்று எண்கள் அடுத்தடுத்து வந்தால் அது ‘வௌ’ என்ற ஓரெழுத்தா, ‘வெள’ என்ற இரண்டெழுத்தா என்று எண்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அவசரமாக எழுதப்பட்ட மாற்றி, ‘கொம்பு, மெய், ளகரம் வந்தால் ஔகாரம்’ என்று விதி எழுதிவிடும். அந்த மாற்றியில் புகுந்த வெள்ளிமலை ‘வௌ்ளிமலை’ ஆக வெளியே வரும்: ளகரம் ஔகாரத்துக்குள் மறைந்துபோக, அதன் புள்ளி மட்டும் ஏற மெய்யின்றித் தொங்கும். மணிமுத்தாறு சென்று சேரும் வெள்ளாற்றுக்கும் இதே கதிதான். இணையத்தில் ‘வௌியீடு’, ‘தௌிவு’ என்று காணப்படும் எண்ணற்ற பிழைகள் எழுதியவரின் பிழைகள் அல்ல, மாற்றிகளின் பிழைகள்.

எதிர்ப்பக்கமும் இதே மலையில் இருக்கிறது. கல்வராயன் மலைப்பகுதி நெடுங்காலம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பட்டங்களோடு விளங்கிய மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அந்தப் பட்டத்தைக் கௌண்டன் என்று ஔகாரமிட்டு எழுதுவோரும் உண்டு. அவ்வாறு எழுதப்பட்ட பெயரில் கொம்பு, ககரம், ளகரம் வந்தால் அது ஔகாரமாகவே மாற வேண்டும். ‘வெள்ளி’யைக் காப்பாற்றுவதற்காக ளகரத்தை எப்போதும் தனியெழுத்தாகக் கொண்டால் அந்தப் பெயர் ‘கெளண்டன்’ ஆகிவிடும். பார்வைக்கு வேறுபாடு தெரியாத இந்தப் பிழை, அகரவரிசைப்படுத்தும்போதும் தேடும்போதும் மட்டுமே தலைகாட்டும்.

இரண்டையும் காப்பாற்றும் விதி ஒன்று உண்டு: ளகரத்தை அடுத்துப் புள்ளியோ, காலோ, இகர ஈகாரக் குறியோ வந்தால் அது தனி ளகரம், எதுவும் வராமல் வெறுமனே நின்றால் ஔகாரத்தின் துண்டு. வெள்ளிமலை, தெளிவு, கௌண்டன், வௌவால் ஆகிய அனைத்தும் இவ்விதிக்குள் அடங்கிவிடுகின்றன. எழுத்துத் தமிழுக்கு இது பெரும்பாலும் போதும். பேச்சுத் தமிழை எழுதும் சிறுகதைகளையும், மக்கள் சொன்னதைச் சொன்னபடி பதிவு செய்த குறிப்புகளையும் இவ்விதியிடம் கொடுத்தால் ‘கெளம்பு’ என்பது ‘கௌம்பு’ ஆகும், ‘வெளக்கு’ என்பது ‘வௌக்கு’ ஆகும். அங்கே சொற்பட்டியல் வேண்டும், அல்லது மனிதக் கண் வேண்டும். வட்டார வழக்கை எழுதியவரின் பிரதி, செந்தமிழில் எழுதியவரின் பிரதியைவிட மாற்றத்தில் அதிகம் சேதமடைகிறது என்பது இத்துறையில் போதிய கவனம் பெறாத அநீதி.

ஆக, வடிவமைப்பாளர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பைட்டையும் உரையையும் பிரிப்பது பற்றியது. வெளியிலிருந்து வரும் பைட்டுகள் குறியாக்கம் இன்னதென்று அறிந்து மாற்றப்படும் வரை உரை ஆகா. நெல்லையும் அரிசியையும் ஒரே மூட்டையில் கட்டாத ஆலையைப் போல நிரல்மொழி இவ்விரண்டையும் தனித்தனி வகையாக வைத்துக்கொள்ள வேண்டும். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பு இவ்விரண்டையும் கலக்க விட்டதால், சோதனையில் ஆங்கிலத்தோடு ஒழுங்காக ஓடிய நிரல் தமிழ்ப் பெயர் ஒன்று வந்ததும் நின்றுவிடும். 2008 டிசம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பு, பழைய நிரல்கள் ஓடாமற் போனாலும் போகட்டும் என்று இரண்டையும் பிரித்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது, முடிவு சரியானது.

அடுத்தது, உள்ளே வந்த உரையை எந்த வடிவில் வைப்பது என்ற கேள்வி. பைத்தானும் ஜாவாவும் எல்லாவற்றையும் வாசலிலேயே ஒருங்குறியாக்கி உள்ளே விடுகின்றன. ஜப்பானியரான யுகிஹிரோ மாட்சுமோட்டோ உருவாக்கிய ரூபி மொழி, 1.9ஆம் பதிப்பு முதல், சரம் எனப்படும் ஒவ்வோர் உரைத்தொடரோடும் அதன் குறியாக்கத்தின் பெயரையும் ஒட்டி வைத்து, கேட்டால் மட்டுமே மாற்றித் தருகிறது. சீன, ஜப்பானிய எழுத்துகளை ஒருங்குறி ஒன்றாக்கியதில் நிறைவில்லாத, பழைய குறியாக்கங்கள் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு நாட்டுக்கு அந்த வழி பொருந்துகிறது. தமிழைப் பொறுத்தவரை வாசலிலேயே மாற்றிவிடுவதே மேல். கொம்பு முன்னால் நிற்கும் உரையின் மேல் தேடலோ வரிசைப்படுத்தலோ பொருளுடையதாக இராது.

மூன்றாவது கேள்வி யார் அட்டவணையைத் தருவது என்பது. உலாவிகள் பின்பற்றும் குறியாக்கத் தரத்தில் பழைய ரஷ்ய, சீன, ஜப்பானிய, கொரியக் குறியாக்கங்கள் இருக்கின்றன. இந்திய மொழிக்குரிய எட்டு பிட் குறியாக்கம் ஒன்றுகூட இல்லை. பைத்தானின் கைவசப் பட்டியலிலும் திஸ்கி இல்லை. லினக்ஸ் கணினிகளின் அடித்தளமான குனு சி நிரலகத்தில் மட்டும் புரூனோ ஹைபிள் எழுதிய திஸ்கி மாற்றி 2002 முதல் இருக்கிறது. திஸ்கிக்கு இணையப் பெயர்ப் பதிவு 2007-இல்தான் கிடைத்தது. இத்தகைய நிலையில் ஒரு நிரல்மொழி செய்யக்கூடிய நல்ல காரியம், வெளியார் தம் மாற்றிகளைப் பதிவு செய்துகொள்ளவும், பதிவானபின் உள்ளமைந்த மாற்றிகளைப் போலவே பெயர் சொல்லி அழைக்கவும் வழி விடுவது. பைத்தான் அந்த வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுதுவதற்காக முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி பைத்தானின் மேல் கட்டப்பட்டது. தமிழ் உரையை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் தேவை அங்கே எழுந்து, ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற நிரலகமாக வளர்ந்தது. கள்ளக்குறிச்சிக்கு எட்டு எழுத்து என்று விடை சொல்லும் வசதியும், திஸ்கி, பாமினி, வானவில் முதலிய பல குறியாக்கங்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் பகுதியும் அதில் உள்ளன.

மாற்றியின் பயனறியும் இடம் பிழை நேரும் இடம். அட்டவணையில் இல்லாத பைட் வரும்போது நிறுத்திப் பிழை சொல்லலாம், கேள்விக்குறி இட்டுத் தொடரலாம், ஓசையின்றி விட்டுவிடலாம். மூன்றாவது வழியை இயல்பான வழியாக வைப்பது நிலப் பதிவைப் பொறுத்தவரை குற்றத்துக்கு நிகர். விடுபட்ட ஒரு புள்ளி ஒருவரின் பெயரை வேறொருவரின் பெயராக்கிவிடும். இயல்பான வழி நிறுத்துவதாகவே இருக்க வேண்டும், மற்றவற்றை நிரலர் கேட்டுப் பெற வேண்டும். பைத்தான் 2009-இல் நான்காவதாக ஒரு வழியும் சேர்த்தது: புரியாத பைட்டை ஒதுக்கிடக் குறி ஒன்றின் வடிவில் அப்படியே தாங்கிக்கொண்டு சென்று, திரும்ப எழுதும்போது பழைய பைட்டாகவே தருவது. குறியாக்கம் உறுதியாகத் தெரியாத பழைய கோப்புக்கு இதைவிடப் பத்திரமான ஏற்பாடு இல்லை.

பெரிய கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். 4096 பைட் கொண்ட ஒரு துண்டில் முழுக்கத் தமிழாக இருந்தால் 1365 குறிகள் முடிந்து ஒரு பைட் மிஞ்சும். மாற்றி அதை நினைவில் வைத்து அடுத்த துண்டோடு சேர்க்காவிட்டால் பல துண்டுகளின் முடிவில் ஓர் எழுத்து உடையும். திஸ்கியிலும் பாமினியிலும் துண்டின் முடிவில் தனித்து நிற்கும் கொம்பும் அவ்வாறே காத்திருக்க வேண்டும். நினைவு வைத்துக்கொள்ளாத மாற்றியால் தமிழைக் கையாள முடியாது.

குறியாக்கத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதியைப் பலர் விரும்புவர். யூடிஎஃப்-8 கோப்பைக் கண்டறிவது எளிது, ஏனெனில் அதன் பைட் அமைப்புக்குக் கடும் விதிகள் உண்டு. திஸ்கி உரை தற்செயலாக அவ்விதிகளில் அடங்குவது அரிதினும் அரிது. பாமினி அப்படியல்ல. அது முழுவதும் ஆஸ்கி இடங்களுக்குள் அடங்கிவிடுவதால், எந்தச் சோதனையும் அதை முறையான ஆங்கில உரை என்றே சான்றளிக்கும். வேர்டு கோப்பில் எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்பு இருக்கும். வெறும் உரைக் கோப்பாகச் சேமித்தால் அதுவும் போய்விடும். அதன்பின் தமிழ் வரிகளுக்கிடையே சிறிய ஆங்கில எழுத்துகளில் பட்டா என்று யாரேனும் தட்டியிருந்தால், பி இகரக் குறியாகவும், ஏ யகரமாகவும், டி வகரமாகவும் மாறி, ‘ியவவய’ என்று பொருளற்ற கோவை ஒன்று பிறக்கும். கண்டுபிடித்துத் தரும் வசதி ஊகமாகவே தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும். கோப்பைத் திறக்கும் வழக்கமான கட்டளைக்குள் அது ஒளிந்திருக்கக் கூடாது.

மாவட்டம் பிறந்த அதே 2019-இல், மார்ச் மாதம் வெளியான ஒருங்குறியின் 12ஆம் பதிப்பு, தமிழின் பழைய பின்னக் குறிகளும் நில, தானிய, நாணய அளவுக் குறிகளும் கணக்குக் குறிகளுமாக 51 எழுத்துகளைச் சேர்த்தது. 320-இல் ஒரு பங்கான முந்திரியின் குறிதான் அவற்றுள் முதலாவது. கையெழுத்துப் பதிவேடுகளில் உள்ளதை உள்ளபடி கணினியில் ஏற்ற இக்குறிகள் வேண்டும். ஆனால் இவை தமிழின் பழைய தொகுதியில் இல்லை. 16 பிட்டுக்கு அப்பாலுள்ள தளத்தில் இருப்பதால் யூடிஎஃப்-8 முறையில் நான்கு பைட்டும், யூடிஎஃப்-16 முறையில் இரண்டு அலகும் பிடிக்கின்றன. ஒரு குறிக்கு 16 பிட் போதும் என்று ஒருங்குறியின் தொடக்க காலத்தில் நம்பி வடிவமைக்கப்பட்ட ஜாவா போன்ற மொழிகளில், முந்திரிக் குறியின் நீளம் இரண்டு. கவனமின்றி வெட்டினால் பாதிக் குறி மிஞ்சும். இக்குறிகளைத் திஸ்கிக்கோ பாமினிக்கோ திரும்ப மாற்றவும் வழியில்லை, அங்கே அவற்றுக்கு இடமே கிடையாது. இழப்பின்றித் திரும்ப முடியாத மாற்றத்தை மாற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு சிக்கலுக்கிடையிலும் இந்த வேலை செய்துமுடிக்கத்தக்கதே. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை முதலில் மயிலை எழுத்துருவிலும், பிறகு திஸ்கியிலும் ஏற்றி, பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது; தன்னார்வலர்கள் உழைப்பாலேயே அது நடந்தது. சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றியும், நியூ ஹொரைசன் மீடியாவின் மாற்றியும் ஆயிரக்கணக்கான தனிநபர்களின் கோப்புகளை மீட்டுக் கொடுத்தன. கல்வராயன் மலையின் பெயர்களுக்கும் இதே கருவிகள் போதும், அவற்றின் விதிகளை யாரேனும் உள்ளூர்ப் பெயர்ப் பட்டியலோடு ஒருமுறை சோதித்துப் பார்த்தால்.

பழைய தமிழ்க் கோப்புகளை வைத்திருக்கும் அலுவலகங்களும் அச்சகங்களும் பள்ளிகளும் வீடுகளும் ஒருங்குறிக்கு மாற்றியபின் மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம். அது எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்பதைக் கோப்பின் பெயரிலேயே குறித்து, எழுத்துருவின் படி ஒன்றையும் பக்கத்தில் வைத்திருங்கள். மாற்றிய கோப்பில் முதலில் ‘வௌ்’ என்று தேடுங்கள்.